அடக்கிவைக்கும் பெண்கள்... அடங்காத தொற்று!

விடிய இன்னும் நேரம் இருக்கிறது. முட்டம் மீன்பிடித் துறைமுகத்தில் விளக்குகள் எரிகின்றன. படகிலிருந்து இறங்கிய சாளையும் அயிலையும் கணவாயும் தரையில் குவியக் குவிய, ஏலம் கூறும் குரல் ஏறிக்கொண்டே போகிறது. சுற்றி நிற்கும் பெண்களுக்குக் கண் மீன்மேல், காது விலைமேல். ஏலம் படிந்ததும் மீனைச் சருவத்தில் அள்ளி, மேலே ஐஸைத் தட்டிப் போட்டு, தலையில் ஏற்றிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு ஓட்டமும் நடையுமாகக் கிளம்புகிறார்கள். வெள்ளிச்சந்தை, அம்மாண்டிவிளை, திங்கள்சந்தை, நாகர்கோவில் என்று ஆளுக்கொரு திசை.

ஒரு தம்ளர் கட்டன்சாயாவோடு கிளம்பியவர்கள் அவர்களில் பலர். தாகம் இல்லாமலில்லை. குடித்தால் போக வேண்டும், போக இடம் கிடையாது. "வெளிய எறங்கினா இனி வீடு வந்துதான் மக்களே" என்பது இந்தக் கரையில் சர்வசாதாரணமான பேச்சு. சந்தையில் விற்று, மிச்சத்தை வீதி வீதியாகக் கூவித் தீர்த்து, வீடு திரும்பப் பிற்பகல் ஆகிவிடும். கன்னியாகுமரி மாவட்டத்து வெயிலில் ஏழெட்டு மணி நேரம், தலையில் சுமை, உடம்பில் வேர்வை, அடிவயிற்றில் அடக்கிய நீர்.

இதற்கான விலை சில மாதங்களுக்கு ஒருமுறை வருகிறது. முதலில் அடிவயிற்றில் ஒரு கனம். பிறகு போகும்போது எரிச்சல். போய்விட்டு வந்த ஐந்தாவது நிமிடமே மறுபடி போகச் சொல்லும் அவஸ்தை. போனால் சொட்டுச் சொட்டாகக் கலங்கிய நீர். 'சூடு பிடிச்சிருக்கு' என்று இளநீர், அக்கானி, பார்லித் தண்ணீர் எல்லாம் குடித்துப் பார்ப்பார்கள். அடங்காவிட்டால் மருந்துக்கடை. "நீர்க்கடுப்புக்கு ரெண்டு குளிகை தாங்கண்ணே" என்றால் கத்தரித்த அட்டையில் நாலு மாத்திரை வரும். இரண்டு நாளில் எரிச்சல் நின்றுவிடும். மீதி இரண்டு மாத்திரை மாதா படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும், அடுத்த முறைக்கு.

அந்த அடுத்த முறை தவறாமல் வருகிறது என்பதுதான் சிக்கல்.

எப்போது அது 'திரும்பத் திரும்ப'?

மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. ஆறு மாதத்தில் 2 முறை, அல்லது ஓராண்டில் 3 முறை சிறுநீர்த் தொற்று வந்தால் அது மீண்டும் மீண்டும் வரும் வகை. பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தத் தொற்று வருகிறது. வந்தவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் மறுபடியும் வருகிறது. ஆகவே இது அபூர்வ நோயே கிடையாது. பேசாமல் மறைக்கப்படும் நோய்.

பெண்ணின் சிறுநீர்க்குழாய் ஏறத்தாழ 4 செ.மீ. நீளம்தான். ஆணுக்கு 20 செ.மீ. பெருங்குடலில் நிரந்தரமாகக் குடியிருக்கும் ஈ.கோலி பாக்டீரியாவுக்கு அந்த 4 செ.மீ. ஏறுவது பெரிய காரியமில்லை. சாதாரணச் சிறுநீர்த் தொற்றுகளில் நான்கில் மூன்று பங்குக்கு அதுதான் காரணம். மிச்சத்தில் கிளெப்சியெல்லா, புரோட்டியஸ், என்டெரோகாக்கஸ் போன்றவை வரும்.

இந்த உடலமைப்பு விஷயம் தெரியாமல், 'சுத்தமா இல்லாததால வந்தது' என்ற ஒரே வாக்கியத்தால் பெண்கள் வாயடைக்கப்படுகிறார்கள். அந்தக் குற்றவுணர்வில் சிலர் கிருமிநாசினியும் வாசனைச் சோப்பும் போட்டுக் கழுவுகிறார்கள். அதனால் நிலைமை மோசமாகும். பிறப்புறுப்பில் இயல்பாக இருக்கும் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா, அங்கே அமிலத்தன்மையை வைத்து ஈ.கோலியை அண்டவிடாமல் காக்கிறது. கிருமிநாசினி முதலில் கொல்வது அந்தக் காவலாளியைத்தான். வெறும் தண்ணீரே போதும்.

இன்னொன்று, வாய்விட்டுப் பேசப்படாதது: தாம்பத்திய உறவுக்குப் பின் இந்தத் தொற்று வர வாய்ப்பு கூடுகிறது. தங்குகடல் தொழிலுக்குப் போன கணவர் வாரக்கணக்கில் கழித்து வீடு வந்த நாட்களை ஒட்டி எரிச்சல் தொடங்கினால், அதில் சந்தேகப்படவோ சண்டைபோடவோ ஒன்றுமில்லை. இது பால்வினை நோயல்ல. உறவின்போது பெண்ணின் உடலிலேயே இருக்கும் பாக்டீரியா சிறுநீர்க்குழாய்க்குள் தள்ளப்படுகிறது, அவ்வளவுதான். ஆனால் இந்தத் தகவலைச் சொன்னால்தான் மருத்துவரால் சரியான வைத்தியத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். உறவுக்குப் பின் மட்டும் ஒரு மாத்திரை என்ற முறையே இருக்கிறது.

பைக்குள் பதுங்கும் பாக்டீரியா

மாத்திரை போட்டதும் எரிச்சல் போய்விடுகிறது, பிறகு எங்கிருந்து திரும்பி வருகிறது? அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஹல்ட்கிரன் குழுவினர் எலிகளின் சிறுநீர்ப்பையை ஆராய்ந்தபோது 2003-ல் ஒரு விடை கிடைத்தது. ஈ.கோலி தன் உடம்பிலுள்ள நுண்ணிய மயிர்போன்ற இழைகளால் சிறுநீர்ப்பைச் சுவரைப் பற்றிக்கொள்வதோடு நிற்பதில்லை. சுவரின் செல்லுக்குள்ளேயே நுழைந்து கூட்டமாகப் பெருகுகிறது. உள்ளே இருக்கும் கூட்டத்தைப் பல மருந்துகள் சரியாகத் தொடுவதில்லை. பின்னர் தொற்று வந்த பெண்களின் சிறுநீரிலும் இப்படிப்பட்ட செல்கள் காணப்பட்டன.

இது ஒரு வழி. குடலிலிருந்து புதிய பாக்டீரியா மறுபடி ஏறுவது இன்னொரு வழி. கல் இருந்தால் அதன் இடுக்கில் பாக்டீரியா தங்கிக்கொள்வது மூன்றாவது. எது எவருக்கு என்பதை நாலு மாத்திரைக் கத்தரிப்பு சொல்லாது. மாத்திரை போட்டு இரண்டு வாரத்துக்குள் அதே கிருமி திரும்பினால் பழையது அழியவில்லை என்று பொருள். கல் இருக்கிறதா, மருந்து பொருத்தமானதா என்று தேட வேண்டும். வேறு கிருமி வந்தால் அது புதிய தொற்று, தடுப்பு வழிகளை யோசிக்க வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஒரே ஒரு பரிசோதனை: சிறுநீர் கல்ச்சர்.

மாத்திரைக்கு முன்னால் புட்டி

கல்ச்சருக்கான முதல் விதி, ஆன்டிபயாடிக்கின் முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே சிறுநீரைக் கொடுத்துவிட வேண்டும். ஒரு வேளை மாத்திரை உள்ளே போனாலும் ஆய்வகத் தட்டில் கிருமி வளராமல் போகலாம். 'வளர்ச்சி இல்லை' என்று அறிக்கை வரும். எரிச்சலோ அப்படியே இருக்கும்.

எடுக்கும் விதமும் முக்கியம். ஆய்வகம் கொடுக்கும் கிருமி நீக்கிய புட்டிதான் வேண்டும். வீட்டில் கழுவி வைத்த மருந்துப் புட்டி உதவாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பிறப்புறுப்பை முன்னிருந்து பின்னாகத் தண்ணீரால் கழுவி, இதழ்களை விலக்கிப் பிடித்துக்கொண்டு, முதலில் வரும் நீரைக் கழிப்பறையில் விட்டுவிட வேண்டும். பாதியில் வருவதைப் புட்டியில் பிடிக்க வேண்டும். விரல் புட்டியின் உள்விளிம்பில் படக்கூடாது. நிரம்பும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கால்வாசி இருந்தாலே பரிசோதனைக்குப் போதும்.

அடுத்தது நேரம். சாதகமான சூழலில் ஈ.கோலி 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். இரண்டு மணி நேரத்தில் ஒன்று 64 ஆகிவிடும். காலையில் பிடித்த நீரைப் பையில் போட்டு, பேருந்துக்குக் காத்து நின்று, மதியம் நாகர்கோவில் ஆய்வகத்தில் கொடுத்தால், எண்ணிக்கை பொய் சொல்லும். ஐஸ் இல்லாமல் சந்தைக்குக் கொண்டுபோன மீன் என்ன ஆகும் என்று இந்த ஊர்ப் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சிறுநீருக்கும் அதே கதிதான். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், முடியாவிட்டால் 4 டிகிரி குளிரில் வைத்து ஒரு நாளுக்குள் சேர்க்க வேண்டும். முடிந்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ ஆய்வகத்துக்கோ நேரில் போய் அங்கேயே கொடுப்பது உத்தமம்.

அறிக்கை வர இரண்டு மூன்று நாள் ஆகும். எரிச்சல் தாங்கவில்லை என்றால் மருத்துவர் ஒரு மருந்தைத் தொடங்குவார்; அறிக்கை வந்ததும் தேவைப்பட்டால் மாற்றுவார். அந்த அறிக்கையைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது அவசியம். அடுத்த முறை வரும்போது எந்த மருந்தில் தொடங்குவது என்பதற்கு அந்தத் தாள்தான் வழிகாட்டி.

பெட்டிச் செய்தி: இந்த அறிகுறி இருந்தால் காத்திருக்க வேண்டாம்

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலா எலும்புக்குக் கீழே முதுகில் ஒரு பக்க வலி, வாந்தி: தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம், அன்றே மருத்துவமனை போக வேண்டும்.
கர்ப்பிணிக்கு எரிச்சல் எவ்வளவு லேசாக இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.
ஆணுக்கு வந்தால் 'சாதாரணச் சூடு' என்று விடக்கூடாது.
சிறுநீரில் ரத்தம் வந்து, தொற்று தீர்ந்த பிறகும் தொடர்ந்தால், குறிப்பாக 50 வயதைத் தாண்டியவர்கள், சிறுநீர்ப்பையில் கட்டி உண்டா என்று பார்க்க வேண்டும்.

சீழ் அணு இருந்தால் தொற்றா?

1956-ல் பாஸ்டனில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர், ஒரு மில்லி சிறுநீரில் ஒரு லட்சம் பாக்டீரியா வளர்ந்தால் அது தொற்று என்ற அளவுகோலைக் கொண்டுவந்தார். இன்றும் அறிக்கைகளில் அந்த லட்சம்தான் பேசுகிறது. ஆனால் கடுமையான எரிச்சல் உள்ள பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த எண்ணிக்கையும் உண்மையான தொற்றாக இருக்கலாம். எதிர்ப்பக்கமும் உண்டு: எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு லட்சம் வளர்ந்தாலும் பெரும்பாலும் மருந்து தேவையில்லை. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப்பாதையில் அறுவை செய்துகொள்ளப் போகிறவர்களும் மட்டுமே விதிவிலக்கு. உடல் பரிசோதனை முகாமில் 'சீழ் அணு அதிகம்' என்று வந்ததும் ஆன்டிபயாடிக் சாப்பிடுவது, நாளை தேவைப்படும் மருந்தை இன்றே செல்லாக்காசாக்கும் வேலை.

சீழ் அணு நிறைய இருந்தும் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை, அதுவும் திரும்பத் திரும்ப இப்படியே வருகிறது என்றால் இந்தியாவில் மறக்கக் கூடாத ஒரு பெயர் காசநோய். அது சிறுநீரகத்தையும் சிறுநீர்ப்பையையும் தாக்கும்; சாதாரணக் கல்ச்சரில் சிக்காது; தனிப் பரிசோதனை கேட்கும். 'நீர்க்கடுப்பு' என்று ஆண்டுக்கணக்கில் மாத்திரை தின்றவர்களிடம் கடைசியில் சிறுநீரகம் சுருங்கிய நிலையில் இது கண்டுபிடிக்கப்படுவது நம் மருத்துவமனைகளுக்குப் புதிதல்ல.

அடிக்கடி தொற்று வருபவர்களுக்கு ஒரு ஸ்கேன் போதுமான தகவலைத் தரும்: கல் இருக்கிறதா, சிறுநீர் கழித்த பிறகும் பைக்குள் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று. கூடவே ரத்தச் சர்க்கரை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் அது 25.5. இரண்டு மாநிலத்துச் சாப்பாட்டையும் பழக்கத்தையும் பகிர்ந்துகொள்ளும் குமரிக்காரர்கள் இந்த எண்களை அலட்சியப்படுத்த முடியாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் எந்த ஆன்டிபயாடிக்கும் நிரந்தர நிம்மதி தராது. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் புதிய வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வந்து, அந்த எரிச்சலும் 'நீர்க்கடுப்பு' போலவே தோன்றும். எந்த மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற சீட்டை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

நாலு மாத்திரையின் பின்விளைவு

மருந்துக்கடையில் நீர்க்கடுப்புக்கு என்று பல காலமாகக் கைநீட்டி எடுக்கப்படுவது சிப்ரோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின் வகையறா. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், மருத்துவமனைகளில் பிடிபடும் ஈ.கோலியில் பெரும்பான்மை சிப்ரோவுக்கு அசைவதில்லை. பாதி மாத்திரை தின்று பாதியை ஒளித்துவைத்த பழக்கத்துக்கும், பண்ணைகளில் கோழிக்குக் கொடுத்ததற்கும், எதற்கெடுத்தாலும் ஆன்டிபயாடிக் எழுதியதற்கும் சேர்த்து வந்த விளைவு இது. இந்த வகை மருந்து தசைநாரையும் நரம்பையும் பாதிக்கக்கூடும் என்பதால் வேறு வழி இருக்கும்போது சாதாரணச் சிறுநீர்த் தொற்றுக்குத் தரவேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-லேயே எச்சரித்துவிட்டது.

ஆச்சரியம் என்னவென்றால், 1950-களிலிருந்து இருக்கும் பழைய மருந்தான நைட்ரோஃபியூரன்டாயின் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. ஐந்து நாள் மருந்து. ஒரே வேளை கரைத்துக் குடிக்கும் ஃபாஸ்ஃபோமைசின் தூளும் அப்படியே. ஆனால் காய்ச்சலோடு சிறுநீரகத்துக்கு ஏறிய தொற்றுக்கு இவை போதாது. சிறுநீரகம் பழுதானவருக்கு நைட்ரோஃபியூரன்டாயின் ஆகாது. ஆகவே இந்தப் பெயர்களைக் கடையில் கேட்டு வாங்குவதற்காக இங்கே எழுதவில்லை. மருத்துவரிடம் கேட்பதற்காக.

சட்டம் இல்லாமலில்லை. 2012-ல் சென்னையில் கூடிய மருத்துவச் சங்கங்கள் வெளியிட்ட 'சென்னைப் பிரகடனம்' நாடு முழுதும் ஆன்டிபயாடிக் விற்பனைக் கட்டுப்பாட்டுக்குக் குரல் கொடுத்தது. 2014 மார்ச் முதல், எச்1 பட்டியலில் உள்ள ஆன்டிபயாடிக்குகளை விற்றால் வாங்கியவர், எழுதிய மருத்துவர் பெயரைப் பதிவேட்டில் குறித்தாக வேண்டும். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளம் 2024-ல் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகள்மேல் திடீர்ச் சோதனை, உரிம ரத்து என்று இறங்கியது. இந்தப் பக்கமும் அந்தக் கண்டிப்பு வேண்டும். ஆனால் அதற்கு முன், கூலியை விட்டுவிட்டு அரை நாள் வரிசையில் நிற்க முடியாத பெண்ணுக்கு மாலை நேரத்தில் திறந்திருக்கும் மருத்துவர் கிடைக்க வேண்டும். அது இல்லாமல் கடையை மட்டும் அடைத்தால் அவள் வலியோடுதான் இருப்பாள்.

பெட்டிச் செய்தி: சென்னையிலிருந்து ஒரு மருந்து

மாத்திரைக்கு அடங்காமல் மருத்துவமனையில் ஊசி மருந்து தேவைப்படும் கடுமையான சிறுநீர்த் தொற்றுகளுக்கான எக்ஸ்ப்ளிஃபெப் என்ற கூட்டு மருந்துக்கு 2024 பிப்ரவரியில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதில் செஃபிபைம் என்ற பழைய மருந்தோடு சேர்ந்திருக்கும் என்மெட்டாசோபாக்டம், சென்னை ஆர்கிட் ஃபார்மாவில் கண்டுபிடிக்கப்பட்டது. பாக்டீரியா மருந்தைச் சிதைக்கப் பயன்படுத்தும் நொதியை அது முடக்குகிறது. கடைசிக்கட்ட மருந்துகளை மிச்சப்படுத்த இப்படி ஒன்று கையில் இருப்பது பெரிய விஷயம். ஆனால் இதையும் கண்டபடி ஊசியில் ஏற்றினால் சிப்ரோவின் கதிதான் வரும்.

ஒன்றரை லிட்டர் தண்ணீர்

தடுப்பு முறைகளில் மிக மலிவானதற்குத்தான் மிகத் தெளிவான சான்று இருக்கிறது. ஆண்டுக்கு மூன்று முறைக்குக் குறையாமல் தொற்று வந்த, வழக்கமாகத் தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களை வைத்து பல்கேரியாவில் ஓராண்டு ஆய்வு நடந்தது; முடிவு 2018-ல் வெளிவந்தது. பாதிப் பேரை நாளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். அவர்களுக்கு ஆண்டில் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது. பழையபடி இருந்தவர்களுக்கு 3.2 முறை. ஏறக்குறைய பாதி! முட்டத்தில் சருவம் தூக்கும் பெண்ணுக்கும் இந்தச் சேதியை மருத்துவர் சொல்லலாம். அவள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: குடித்துவிட்டு எங்கே போவது?

மாதவிலக்கு நின்றவர்களுக்கு வேறொரு வழி உண்டு. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் காவல் பாக்டீரியா மறைந்து ஈ.கோலிக்கு இடம் கிடைக்கிறது. பிறப்புறுப்பில் பூசும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு அதைச் சரிசெய்யும். 1993-ல் இஸ்ரேலில் நடந்த ஆய்வில், களிம்பு பயன்படுத்திய பெண்களுக்கு ஆண்டுக்கு 0.5 முறையும், மற்றவர்களுக்கு 5.9 முறையும் தொற்று வந்தது. முப்பது ஆண்டுக்கு மேலாகியும் நம் ஊர்களில் இதைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பவர் குறைவு. 'வயசான காலத்துல இதெல்லாம் எதுக்கு' என்ற கூச்சம் நோயாளிக்கும் உண்டு, சில மருத்துவர்களுக்கும் உண்டு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் முதலில் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இவற்றுக்கும் அடங்காதபோது மருத்துவர் குறைந்த அளவு ஆன்டிபயாடிக்கைச் சில மாதங்கள் இரவில் கொடுப்பதுண்டு. நைட்ரோஃபியூரன்டாயினை நீண்ட நாள் எடுத்தால் நுரையீரலையும் ஈரலையும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். மெத்தனமைன் என்ற, ஆன்டிபயாடிக் அல்லாத மாத்திரை கிட்டத்தட்ட அதற்கு ஈடாக உதவுகிறது என்று 240 பெண்களிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வு 2022-ல் காட்டியது. இணையத்தில் கூவி விற்கப்படும் டி-மன்னோஸ் தூளுக்கு அப்படிப் பலன் இல்லை என்று 2024-ல் தெரிந்துவிட்டது. கிரான்பெர்ரி ஓரளவு உதவும். ஆனால் அதன் விலைக்குத் தண்ணீர் எவ்வளவோ மேல்.

கரையில் ஆண், வயிற்றில் பிள்ளை

கடலில் தண்ணீரைச் சிக்கனமாகக் குடித்து வெயிலில் காயும் மீனவருக்குச் சிறுநீரகக் கல் வர வாய்ப்பு அதிகம். வயது ஏறினால் புராஸ்டேட் வீக்கம் சிறுநீரை முழுதாக இறங்கவிடாது. ஆணுக்கு ஒருமுறை தொற்று வந்தாலே காரணத்தைத் தேட வேண்டும்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் எரிச்சல் இல்லாவிட்டாலும் முதல் மாதங்களிலேயே கல்ச்சர் பார்க்க வேண்டும். சத்தமில்லாமல் இருக்கும் பாக்டீரியா, கர்ப்ப காலத்தில் சிறுநீரகத்துக்கு ஏறிக் காய்ச்சலையும், குறைமாதப் பிரசவத்தையும் கொண்டுவரக்கூடியது. கிராமச் செவிலியர் எடுக்கும் மாதாந்திரச் சோதனையில் சர்க்கரையும் உப்பும் பார்த்தாகிவிட்டது என்று நின்றுவிடக் கூடாது.

நாற்காலி வந்தது, கழிப்பறை?

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் தொழிலாளியான பி. விஜி 2009-ல் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கியபோது முதல் கோரிக்கை கழிப்பறைதான். ஜவுளிக்கடைப் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க நின்றார்கள். சிறுநீர்த் தொற்று அவர்களுக்குத் தொழில்நோய் போலவே ஆகியிருந்தது. போராட்டம் வளர்ந்து, உட்காரும் உரிமை 2018-ல் கேரளத்தில் சட்டமானது. 2021-ல் தமிழ்நாடும் கடைகள் சட்டத்தைத் திருத்தி ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. நாகர்கோவில் ஜவுளிக்கடைகளில் நிற்கும் பெண்களுக்கும் அந்த உரிமை உண்டு. தொழிற்சாலைச் சட்டம் 1948-லேயே பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கேட்டது. 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டம் நகரங்களில் வியாபாரிகளுக்குக் குழுவில் இடம் தருகிறது. அந்த இடங்களில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு. கிராமத்துச் சந்தையில் கூறு கட்டி உட்காரும் மீன்காரப் பெண் இந்தச் சட்டங்கள் எதிலும் சரியாக அடங்கவில்லை.

2021 மே மாதம் பெண்களுக்கு நகரப் பேருந்து இலவசமானது இந்தக் கரைக்குப் பெரிய வரம். அதே ஆண்டு டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில் மீன் விற்று வந்த மூதாட்டியை நாற்றம் என்று சொல்லி இறக்கிவிட்ட காணொளி தமிழகத்தையே உலுக்கியது. முதல்வர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். பேருந்திலேயே அப்படி விரட்டப்படும் பெண், வழியில் உள்ள உணவகத்திலோ வங்கியிலோ நுழைந்து 'கழிப்பறை எங்கே' என்று கேட்பாள் என்று எதிர்பார்க்க முடியுமா?

ஆக, இந்த மாவட்டத்தில் மீன் சந்தை நடத்தும் ஒவ்வொரு உள்ளாட்சியிடமும் கேட்க வேண்டியவை இருக்கின்றன. கழிப்பறை திறக்கும் நேரம் அலுவலக நேரமாக இல்லாமல் மீன் வந்து இறங்கும் நேரமாக வேண்டும். குழாயில் தண்ணீர், கதவில் தாழ்ப்பாள், மாதவிலக்குத் துணி போடக் குப்பைத்தொட்டி வேண்டும். உள்ளே போகும்போது மீன் சருவத்தை நம்பி இறக்கிவைக்க வாசலில் ஒரு மேடையும், பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிருமி நீக்கிய புட்டியும், மாதிரியை வைக்கக் குளிர்பெட்டியும், அதை அன்றே ஆசாரிப்பள்ளத்துக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாடும் வேண்டும். அறிக்கையைச் செவிலியரே வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துச் சொல்லலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. அதே கையில் இந்தத் தாளையும் கொடுத்தனுப்பக் கூடுதலாக ஒரு திட்டம் போட வேண்டியதில்லை.